சென்னையில் ஒருநாள் ஆஞ்சியோ பேக்கேஜ்: காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

காலையில் வெறும் வயிற்றோடு அட்மிஷன், சிக்கல் இல்லையென்றால் மாலையில் வீடு. சென்னையின் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில், இதய ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் இப்படி ஒருநாள் பேக்கேஜாகவே கிடைக்கிறது. கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) மேசையில் நடக்கும் 20, 30 நிமிட வேலையில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரம் தெரிவது அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. ரத்தக் குழாயைப் படத்தில் காட்டும் மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இந்த அளவைப் பார்க்காமலே தேதி கொடுக்கும் இடம் என்றால் யோசியுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்கள் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிட்டால் அதை நிறுத்திவைத்து, 48 மணி நேரம் கழித்து மறுபடி கிரியாட்டினின் பார்த்த பிறகே தொடரச் சொல்வார்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கை வழியாகத்தான் குழாயை விடப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, தொடை இடுக்கிலும் ஷேவ் செய்வார்கள். ஏமாற்று வேலை இல்லை. மணிக்கட்டு ரத்தக் குழாய் சுருங்கிக்கொண்டால் தொடை வழியாகப் போக வேண்டிவரும். அப்போது ஷேவ் செய்துகொண்டிருக்க நேரம் இருக்காது.

மேசையில் மரத்துப்போக ஊசி போடும்போது சுரீர் என்று இருக்கும். பிறகு சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள குழாய் உள்ளே போவது இதயம்வரை தெரியாது. முன்கையில் பிடித்து இழுப்பதுபோல் வலித்தால் ரத்தக் குழாய் சுருங்குகிறது என்று பொருள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் உடனே சொல்லுங்கள், அதைத் தளர்த்த மருந்து இருக்கிறது. இதயத்தின் இடது கீழறையைப் படமெடுத்தால் உடம்பு முழுக்கச் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். போயிருக்காது.

எங்கள் பெரிய புகார் அடுத்த கட்டத்தைப் பற்றியது. நோயாளி மேசையில் இருக்கும்போதே கூட வந்த உறவினரை உள்ளே கூப்பிட்டு, திரையைக் காட்டி, ‘90 சதவீத அடைப்பு, இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா?’ என்று கேட்பது. ஸ்டென்ட் என்பது அடைப்பை விரித்துத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய். மாரடைப்போடு வந்தவருக்கு இப்படிக் கேட்பது சரி, நிமிடங்கள்கூட முக்கியம். ஒரே துளையில் வேலை முடியும் என்பதும் உண்மைதான். ஆனால் வலி கட்டுக்குள் இருக்கும் நோயாளிக்கு அந்த அவசரம் பெரும்பாலும் இல்லை. இதயத்தின் இடது பிரதான ரத்தக் குழாயிலோ மூன்று முக்கிய ரத்தக் குழாய்களிலுமோ அடைப்பு என்றால் பைபாஸ்தான் சரியா என்று அறுவை நிபுணரிடமும் கேட்க வேண்டும். இந்தப் பேச்சை முந்தைய நாளே உட்கார்ந்து பேசும் மருத்துவமனைக்குத்தான் எங்கள் ஓட்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போகிறவர்கள் ஸ்டென்டுக்கு முன்அனுமதி எப்போது வரும் என்பதையும் அப்போதே கேளுங்கள்.

முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டுவார்கள், சுமார் 13 மி.லி. காற்று. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று மி.லி. எடுக்க வேண்டும். ரத்தம் கசிந்தால் எடுத்த காற்றைத் திரும்ப ஏற்ற வேண்டும். வார்டில் ஆள் குறைவான இடங்களில் சறுக்குவது இங்கேதான்: மாலைவரை யாரும் தொடுவதில்லை, அல்லது கிளம்பும் அவசரத்தில் மொத்தமாகப் பிடுங்கிவிடுகிறார்கள். அதிக நேரம் இறுக்கினால் ரத்தக் குழாய் அடைபட்டு, அடுத்தமுறை அந்தக் கை உதவாமல் போகலாம். தொடை வழி என்றால் காலை மடக்காமல் நாலு முதல் ஆறு மணி நேரம் மல்லாந்த படுக்கை.

வீட்டுக்குப் போனபின் இரண்டு நாள் பைக் ஆக்ஸிலரேட்டர் முறுக்குவது, 20 லிட்டர் தண்ணீர் கேன் தூக்குவது, துணி பிழிவது எதுவும் கூடாது. துளையில் ரத்தம் வந்தால் அதன்மேல் விரலை வைத்து விடாமல் அழுத்துங்கள், நிற்காவிட்டால் 108.

ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசின் விலை உச்சவரம்பு இருக்கிறது. அதனால் பில்லில் அதன் விலை, கம்பெனி, பேட்ச் எண் எல்லாம் தனியாக வர வேண்டும். ‘ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனால் அடைப்பை விரிப்பது) பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் அடித்துக் கொடுத்தால் பிரித்துக் கேளுங்கள். பலூன், அதை அடைப்புவரை கொண்டுபோகும் கம்பி போன்றவை அந்த வரம்புக்குள் வராததால் பில் ஏறுவது பெரும்பாலும் அவற்றில்தான். டிஸ்சார்ஜ் தாளோடு ஆஞ்சியோ சிடியையும் வாங்காமல் கிளம்பாதீர்கள். வேறு டாக்டரிடம் காட்டினால் அவர் பார்க்க விரும்புவது அறிக்கையை அல்ல, படத்தை.