புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக்: மல்யுத்தம் பிரமாதம், குதிரைச் சண்டை அரைகுறை

பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேஜை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்; அதன் விதிப் புத்தகமான 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் நான் முதலில் தேடிப் படித்தது இரண்டு பகுதிகளை: எதிரியைக் கட்டிப் பிடிக்கும் கிராப்பிள் விதிகள், குதிரை மேலிருந்து சண்டை போடும் விதிகள். எந்தப் பதிப்பாக இருந்தாலும் ஆட்டம் படுத்துவிடுவது இந்த இரண்டு இடத்தில்தான்.

கிராப்பிளில் பெரிய முன்னேற்றம். 2003-ல் வந்த 3.5 பதிப்பை ஆடியவர்களுக்குத் தெரியும், ஒருவனைப் பிடிக்கப் போனால் முதலில் அவன் நம்மை ஓர் அடி அடிப்பான், அதைத் தாண்டித் தொட வேண்டும், அப்புறம் இருவரும் எதிரெதிராகப் பகடை உருட்ட வேண்டும், அதற்குள் மேஜையில் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். 2014 பதிப்பு அதை ஒரே போட்டி உருட்டலாகச் சுருக்கியது. இப்போது அதுவும் இல்லை. பிடிக்கிறவர் உருட்டவே வேண்டாம். 8-உடன் ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) தரும் மாடிஃபையரையும், லெவலோடு வளரும் புரொஃபிஷியன்சி போனஸையும் கூட்டினால் வரும் எண்ணை எதிரி சேவிங் த்ரோவில் (தப்பிக்க இருபது முகப் பகடையை உருட்டித் தன் திறன் எண்ணைக் கூட்டுவது) எட்ட வேண்டும், அவ்வளவுதான். ஸ்ட்ரெங்த் 18 உள்ள ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு (போர்வீரனுக்கு) அது 8 + 4 + 3 = 15. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +2 மட்டும் உள்ள எதிரி தப்பிக்கப் பகடையில் 13 விழ வேண்டும். மாட்டியவனுக்கு வேகம் பூஜ்யம், அதோடு பிடித்தவரைத் தவிர வேறு யாரை அடித்தாலும் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). இந்தக் கடைசி வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் பின்னால் நிற்கும் விஸார்டை, அதாவது நம் மந்திரவாதியைக் காப்பாற்ற எதிரியைக் கட்டிப் பிடிப்பது இப்போது உண்மையிலேயே பலன் தருகிறது. ஒரு குறை உண்டு: அத்லெட்டிக்ஸ் என்ற உடல்திறனில் எக்ஸ்பர்டீஸ் (இரட்டிப்பு புரொஃபிஷியன்சி போனஸ்) வாங்கி மல்லனாக வளர்த்த ரோக் (திருடன்), பார்ட் (பாணன்) எல்லாம் இனி பிடிக்கும்போது அதைப் பயன்படுத்த முடியாது, பிடியிலிருந்து விடுபட மட்டும்தான் உதவும்.

குதிரைக்கு வந்தால் ஏமாற்றம். பத்து வருஷம் கழித்தும் ஏறக்குறைய அதே சின்னப் பகுதி. ஏறவும் இறங்கவும் பாதி வேகம் செலவு, நாம் ஓட்டும் குதிரைக்கு டேஷ் (கூடுதல் ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (அடி வாங்காமல் விலகுவது), டாட்ஜ் (அடியைத் தவிர்ப்பது) மட்டும். பெரிய உருவமான குதிரை கட்டத்தில் நான்கு சதுரம் பிடிக்கிறது, மேலே இருப்பவர் அதில் எந்தச் சதுரத்தில் என்று ஒரு வார்த்தை இல்லை. போர்க்குதிரைக்கு ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 19, ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தின் சராசரி சேதம் 28. ஐந்தாம் லெவலில் 400 தங்கக் காசு கொடுத்து வாங்கிய குதிரை ஒரே மந்திரத்தில் போய்விடும் என்றால் யார் வாங்குவார்கள்? பாலடினுக்கு (புனித வீரனுக்கு) மட்டும் குதிரையை வரவழைக்கும் ஃபைண்ட் ஸ்டீட் மந்திரம் இருப்பதால் கவலையில்லை.

குதிரைவீரரின் நீண்ட ஈட்டியான லான்ஸை மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். குதிரை மேல் ஒரு கையால் பிடிக்கலாம், இன்னொரு கையில் கேடயம். வெப்பன் மாஸ்டரி (ஆயுதத்தின் சிறப்புத் திறனைப் பயன்படுத்தும் பயிற்சி) உள்ள ஃபைட்டரோ பாலடினோ குத்தினால் லான்ஸின் டாப்பிள் திறன் வேலை செய்யும்: எதிரி கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவிங் த்ரோவில், சுருக்கமாக சேவில், தோற்றால் விழுகிறான், அவனும் குதிரை மேல் இருந்தால் 10-ஐ எட்டும் டெக்ஸ்டெரிட்டி சேவ் போட்டுத்தான் சேணத்தில் நிற்க முடியும்.

ஆனால் இரண்டும் சேரும் இடத்தில் புத்தகம் மௌனம். கீழே நிற்பவன் குதிரைவீரனின் காலைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? எழுத்துப்படி வீரனின் வேகம்தான் பூஜ்யம், குதிரையின் வேகம் அப்படியே இருக்கிறது. குதிரை நாலு அடி எடுத்து வைத்தால் தூரம் கூடிப் பிடி விட்டுப்போகும்! பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆசான்கள் குதிரை மேலிருந்தபடி மல்யுத்தம் செய்யவே தனியாகக் கற்றுக்கொடுத்தார்கள், அதற்கு இங்கே ஒரு பத்தி கூட இல்லை. நான் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆக இருக்கும்போது வைத்திருக்கும் விதி இது: பிடிபட்ட வீரனோடு குதிரை நகர்ந்தால் அதே 10 டெக்ஸ்டெரிட்டி சேவ், தோற்றால் அவன் கீழே, பிடி அப்படியே தொடரும், வென்றால் பிடி விட்டது. வேகமாக முடிகிறது, யாரும் சண்டை போடுவதில்லை.

இந்த விதிகளுக்காக மட்டும் புத்தகம் வாங்க நினைத்தால் வேண்டாம். 2025-ல் வந்த எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதித் தொகுப்பு இலவசம், கிராப்பிள், கிராப்லர் ஃபீட் (கதாபாத்திரத்துக்கு எடுக்கும் சிறப்புத் திறன்), குதிரை விதிகள், லான்ஸ் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. குதிரைச் சண்டைக்கான மவுண்டட் கம்பாட்டன்ட் ஃபீட் மட்டும் அதில் கிடையாது; குதிரைவீரனாகவே ஆட விரும்புபவர் குழுவில் இருந்தால் ஒரு பிரதி வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.