மிக் மிஷினுக்கு அடியில் மூன்று இழுப்பறை: தன்லின் தகரப் பட்டறை ஒன்றின் வேலை

ரங்கூனுக்குப் பக்கத்தில் தன்லினில் எங்கள் தெருவில் கரண்ட் வந்தால் சின்னப் பிள்ளைகள் எல்லாம் ‘மீ லாபீ’ (கரண்ட் வந்தாச்சு) என்று ஒரே குரலில் கத்தும். அந்தச் சத்தம் கேட்டதும் வெல்டரான எனக்குப் பதற்றம் தொற்றிக்கொள்ளும். சுற்று முறையில் விடுகிற கரண்ட் இது. எத்தனை மணிக்கு வரும், எப்போது போகும் என்று பட்டியல் ஒன்று சொல்லும், கம்பி வேறொன்று சொல்லும். ஜெனரேட்டரை ஓட்டி இரும்புக் கேட்டும் கிரில்லும் அடித்தால் கூலி டீசலுக்கே போய்விடும். ஆகவே கரண்ட் இருக்கிற நேரத்தில் வெல்டிங் டார்ச் கையில் இருக்க வேண்டும். போன வருஷம் வரை என் கையில் இருந்தது டார்ச் இல்லை, கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு டார்ச் முனையில் மாட்டுகிற டிப் எங்கே, கட்டிங் பிளேயர் எங்கே, வயர் பிரஷ் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பேன்.

மிஷின் குறை சொல்லும்படி இல்லை. 250 ஆம்ப் இன்வெர்ட்டர் மிக், அதாவது ரீலிலிருந்து வயரைத் தானே ஊட்டுகிற, உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருக்கிற வெல்டிங் மிஷின், சிங்கிள் பேஸ். பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் திரும்புகிற இரண்டு சின்னச் சக்கரம், கேஸ் சிலிண்டர் நிற்க ஒரு தட்டு, ஒரு சங்கிலி. சாமான் வைக்க என்று கம்பெனிக்காரன் கொடுத்தது மேல்மூடியைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு, அவ்வளவுதான். அதில் எதை வைத்தாலும் மிஷினை நகர்த்தும்போது கீழே விழும். விழுந்த டிப்பைத் தேட ஆள் ஒருவர், அதற்கு டார்ச் லைட் பிடிக்க இன்னொருவர்.

வெல்டர் ஒருத்தன் தன் மிஷினுக்குப் பெட்டி செய்ய வெளியே போவதா என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆங்கிள், பைப், பட்டை என்றால் நானே செய்துகொள்வேன். மெல்லிய தகட்டை நேராக மடிக்க பெண்டிங் மிஷின் வேண்டும், அது என்னிடம் இல்லை. சுத்தியலால் தட்டி மடித்த இழுப்பறை ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதைத் திறக்க ஒரு காலை மிஷின் மேல் ஊன்ற வேண்டும்.

சரி என்று நம்மூரிலேயே ஒரு தகரப் பட்டறைக்குப் போனேன். ஜெனரேட்டர் கூண்டும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிறவர், பர்மியர். நான் அவரைச் சயா (வாத்தியார்) என்பேன், அவர் என்னை அகோ (அண்ணன்) என்பார். படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. “மிஷினைக் கொண்டு வாங்க, உள்ளே வைக்கிற சாமானையும் ஒன்று விடாமல் கொண்டு வாங்க” என்றார். மறுநாள் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர் பட்டறைத் தரையில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரு மணி நேரம் குந்தியிருந்து அவற்றை மூன்று குவியலாகப் பிரித்தார். எடை பார்த்துப் பிரிக்கவில்லை. எதை அடிக்கடி எடுப்பீர்கள், எதை நாளுக்கு ஒரு தடவை, எதை வாரத்துக்கு ஒரு தடவை என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தார். அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மீதி நம்பிக்கை கரண்ட் வந்த பிறகு. மிஷினைப் போடச் சொன்னார். நோட்டுத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, அதை மிஷினைச் சுற்றி மெல்ல நகர்த்தினார். வலப்பக்கம் கீழ் வரிசைத் துளைகளுக்கு நேரே வந்ததும் தாள் சட்டென்று தகட்டோடு ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் கொண்டுபோனதும் வெளியே படபடத்தது. காற்றை உள்ளே இழுக்கும் இடத்தையும் வெளியே தள்ளும் இடத்தையும் சாக்பீஸால் வட்டம் போட்டு, “இந்த இரண்டு இடத்திலும் நான் கை வைக்க மாட்டேன்” என்றார். நான் வரைந்த படத்தில் வெல்டிங் ராடு வைக்கிற குழாய் அந்த வலப்பக்கத் துளைகளுக்கு மேலேயே இருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. ஜெனரேட்டர் கூண்டு அடித்து இரண்டு மோட்டார் வெந்துபோன பிறகு அவர் கற்றுக்கொண்ட பாடமாம்.

மிஷின் தகட்டில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்பில் 10 நிமிஷத்துக்கு 6 நிமிஷம் தொடர்ந்து ஓட்டலாம், 4 நிமிஷம் ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கணக்கும் பொதுவாக 40 டிகிரி வெப்பத்துக்குப் போட்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நாம் நிற்கிற இடத்தின் சூடு என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதில் காற்றையும் மூடினால் மஞ்சள் விளக்கு எரிந்து மிஷின் தானாக நின்றுவிடும். கரண்ட் இருக்கும், மிஷின் ஓடாது. இதைவிட வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

அடுத்த சண்டை தகட்டுக்கு. வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரைக்கும் மழை, ரங்கூன் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் கொட்டுகிற ஊர். அதனால் முழுப் பெட்டியையும் துரு பிடிக்காமல் துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டில் செய்வோம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு ஒரு கொக்கி வைக்க வேண்டும் என்றால் நான் அதில்தான் வெல்டு வைப்பேன். ஜிஐ மேல் வெல்டு வைத்தால் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும், சாயங்காலம் குளிர்க்காய்ச்சல் மாதிரி உடம்பை ஆட்டும். இளவயதில் பட்டிருக்கிறேன். கடைசியில் இழுப்பறைகள் ஜிஐ, ரிவெட் அடித்தது. சட்டமும் அடித்தட்டும் கருப்பு ஆங்கிள், வெல்டு வைத்தது என்று முடிவானது. இழுப்பறைக்கு 1.2 மில்லி. 4க்கு 8 அடி முழுத் தகடு 28 கிலோ வரும், இந்த ஊர் வீசைக்கு 17. 1.6 மில்லி என்றால் 37 கிலோ. பலமாக இருக்கட்டும் என்று தடித்த தகடு கேட்காதீர்கள், தள்ளப் போவது நீங்கள்தான்.

அமைப்பைச் சொல்கிறேன். மிஷினின் பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு, 11 அங்குல உயரப் பெட்டியின் மேல் உட்கார வைத்திருக்கிறார். சிலிண்டர் தட்டு மட்டும் பழைய உயரத்திலேயே, தரையிலிருந்து 4 அங்குலத்தில். நிறைந்த சிலிண்டரை அதற்கு மேல் தூக்கி வைக்க எனக்கு முதுகு இல்லை. சங்கிலி ஒன்றுக்கு இரண்டு. மிஷின் உயர்ந்துவிட்டதால் சக்கரங்களின் இடைவெளியை 15 அங்குலத்திலிருந்து 20ஆக அகட்டினோம். இது அவசியம். இழுப்பறை பக்கவாட்டில் திறக்கிறது, மேலே மிஷினுக்குள் 15 கிலோ வயர் ரீல் வேறு இருக்கிறது. அகட்டாவிட்டால் கீழ் அறையை முழுக்க இழுத்த அன்றைக்கே குப்புற விழுந்திருக்கும்.

முன்பக்கம் திறக்கிற மாதிரிதான் முதலில் கேட்டேன். அங்கே டார்ச் கேபிளும் எர்த் கேபிளும் தொங்கும், ஒவ்வொரு தடவையும் ஒதுக்கிவிட்டுத் திறக்க வேண்டும் என்று அவர் காட்டிய பிறகுதான் புரிந்தது. இடப்பக்கம் ரீல் மாற்றுகிற கதவு. ஆக, மிச்சம் இருந்தது வலப்பக்கம்.

மேல் அறை 2 அங்குலம். டிப், நாசில், டிஃப்யூசர் என்று டார்ச் முனைச் சாமான்கள். 0.8 மில்லி வயருக்கான டிப்பும் 1.0 மில்லி வயருக்கான டிப்பும் என் வயதுக் கண்ணுக்கு ஒன்றுதான். 0.8 வயரை 1.0 டிப்பில் விட்டால் தீ ஆடிக்கொண்டே இருக்கும், காரணம் தெரியாமல் செட்டிங்கைத் திருகிக்கொண்டிருப்போம். அதனால் இரண்டு தடுப்பு, ஒன்றில் சிவப்பு பெயிண்ட், ஒன்றில் நீலம். நடு அறை 3 அங்குலம்: பிளேயர், பிரஷ், மூலைமட்டம், சாக்பீஸ். கீழ் அறை 5 அங்குலம்: 4 அங்குலக் கிரைண்டரும் டிஸ்க்குகளும். கிரைண்டரை மூடிய அறைக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு. அதில் ஒட்டியிருக்கிற இரும்புத் தூளை விசிறி இழுத்து போர்டின் மேல் போட்டால் இன்வெர்ட்டர் கதை முடிந்தது.

எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது யாரும் பார்க்காத ஓர் இடம். இழுப்பறையின் மேல் விளிம்பை 10 மில்லி உள்ளே மடித்து, தட்டி, மறுபடி தட்டையாக்கியிருக்கிறார். விரலை ஓட்டிப் பார்த்தால் வட்டமாக வழுக்கிக்கொண்டு போகும், வெட்டாது. மூலையில் மடிப்பும் மடிப்பும் சந்திக்கிற இடத்தைக்கூட 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்திருக்கிறார். தன்லினைச் சிரியம் என்று சொன்ன காலத்தில் என் தாத்தா இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் பைப் வேலை பார்த்தவர். அவருடைய தகரப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது, அதன் ஓரமும் இப்படித்தான் இருக்கும். இப்போது கடையில் விற்கிற பெட்டிகளில் இதைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

இனி குறைகள். சித்திரையில் வருகிற பர்மியப் புத்தாண்டான திஞ்சானுக்கு முன்னால் தருகிறேன் என்றார், கைக்கு வந்தது வைகாசி பிறந்த பிறகு. கரண்ட் இல்லை என்பது காரணம். அதை மறுக்க எனக்கு வாய் இல்லை, என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

பெரிய குறை பூட்டு. பால் பேரிங் சேனல் போட்டுக் கொடுத்தார், தறி நாடா மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஓடுவதுதான் வினை. முதல் வாரம் சந்தின் சாக்கடைப் பலகையைத் தாண்டும்போது மேல் அறை தானாகத் திறந்து, புது டிப் இருபது சாக்கடைக்குள் போனது. அக்கா மகன் கையை விட்டுத் தேடி ஏழு எடுத்தான். “மாமா, இதுக்கு நீங்க டீக்கடையிலே ஒரு மொஹிங்கா வாங்கித் தரணும்” என்றான். அந்த மீன் குழம்புச் சேமியாவை வாங்கித் தந்தேன். அப்புறம் மூன்று அறைக்கும் குறுக்கே செங்குத்தாக ஒரு பட்டை, கீழே கீல், மேலே பூட்டு. இதை நானே அடித்துக்கொண்டேன். சயா முதலிலேயே யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

டார்ச் மாட்ட 8 மில்லி கம்பியில் ஒரு கொக்கி வளைத்துக் கொடுத்தார். பார்க்க அழகு, டார்ச்சுக்கு ஆகாது. மெல்லிய கொக்கியில் கேபிள் ஒடிந்து தொங்கினால் உள்ளே வயர் ஓடுகிற லைனர் குழாய் மடங்கும், வயர் திக்கித் திக்கி வரும். 8 அங்குலப் பைப்பில் பாதியை அறுத்து அந்த இடத்தில் வைத்தேன். இப்போது கேபிள் சுருட்டிப் படுத்த பாம்பு மாதிரி இருக்கிறது. தகர வேலைக்காரருக்கு இது தெரியாததில் தப்பில்லை, நான் சொல்லியிருக்க வேண்டும்.

முன் சக்கரம் 3 அங்குலம் போட்டார். ஒரே மாதத்தில் இரும்புச் சீவல் குத்திக் குத்தி முள்ளெலி ஆகிவிட்டது. 5 அங்குலம் வாங்கிக் கொடுத்தேன், கூலி கேட்காமல் மாற்றித் தந்தார்.

ராடு விஷயம் தனி. 3 அங்குல பிவிசி குழாய், இரண்டு பக்கமும் மூடி, ஒன்று திருகு மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். சட்டத்தின் பின்பக்கம் காற்று படாத மூலையில் கட்டியிருக்கிறோம். சாதாரண வேலைக்கான 6013 ராடுக்கு இது தாராளம், மூன்று மாத மழையில் ஒரு ராடுகூடப் பூச்சு உதிரவில்லை. ஹைட்ரஜன் குறைந்த வகையான 7018 ராடை இதில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது பிரித்த பிறகு 120 டிகிரி சூட்டிலேயே இருக்க வேண்டிய ஜாதி, வெளியே எடுத்தால் நாலு மணி நேரம்தான் கணக்கு. ஈரம் ஏறினால் ஹைட்ரஜன் உள்ளே போய் வெல்டு பிறகு விரிசல் விடும். மரப்பெட்டிக்குள் பல்பு எரியவிடுகிறவர்கள் உண்டு, பல்பு அந்தச் சூடு தராது. நம் ஊரில் பல்பும் எரியாது. 7018 வேலை வந்தால் சின்னப் பாக்கெட்டாக வாங்கி அன்றைக்கே முடித்துவிடுகிறேன்.

மொத்தம் 4,20,000 கியாட் ஆனது, சக்கரமும் சேனலும் சேர்த்து. மலிவு இல்லை. ஆனால் ஏழு மாதமாக ‘மீ லாபீ’ சத்தம் கேட்டதும் பட்டையைத் தள்ளி, சிவப்புத் தடுப்பிலிருந்து டிப்பை எடுத்துப் போட்டு, பிள்ளைகள் கத்தி முடிப்பதற்குள் முதல் டாக் (புள்ளி வெல்டு) வைத்துவிடுகிறேன்.

சயாவிடம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எர்த் கம்பி மாட்டுகிற போல்ட்டை நீங்களே டேப் சுற்றி மூடிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவார். நான் அரை நாள் சுரண்டினேன். பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, சந்து முழுக்கத் தகரம் தட்டுகிற சத்தம்தான் அடையாளம். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். கரண்ட் இருந்தால் அவர் யாரோடும் பேச மாட்டார்.