வத்தல்மலை ஏற்றத்தில் கிளட்ச் போன கதை

மெல்பர்னில் பதினாறு வருடமாக ஆட்டோமேட்டிக் கார்தான் ஓட்டுகிறேன். அந்தப் பழக்கத்தில், இந்த முறை பெங்களூரில் இறங்கியதும் கிளட்ச் பெடல் இல்லாத வண்டிதான் வேண்டும் என்று கேட்டு ஒரு செல்ஃப் டிரைவ் கார் எடுத்தேன். கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. மீட்டரில் எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. சீட் எல்லாம் சுத்தமாக இருந்ததால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிருஷ்ணகிரி வரை எந்தத் தொந்தரவும் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு லாரியை முந்தலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இன்ஜின் சத்தம் எகிறியது, வண்டி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வேகம் பிடித்தது. ஏசி ஓடுகிறது, நாலு பெட்டி இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே தருமபுரியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருந்தால் இதை எழுத வேலையே வந்திருக்காது.

மூன்றாம் நாள் அம்மா, மாமா, என் பையனோடு தருமபுரிப் பக்கத்து வத்தல்மலைக்குக் கிளம்பினோம். மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். முன்சீட்டில் உட்கார்ந்தால் அவர் கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில், மேலிருந்து மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று இறங்கி வந்தது. ஏறி வரும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. அவரிடம் அதை யார் போய்ச் சொல்வது? ஏற்றத்திலேயே நின்றேன். பிரேக் பிடிக்காமல், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டி பின்னால் உருளாமல் பார்த்துக்கொண்டேன். மெல்பர்னிலும் இப்படித்தான் செய்வேன். இரண்டு வளைவு தாண்டியதும் கருகின வாடை வந்தது. ஆர்பிஎம் முள் நாலாயிரத்தில் நிற்கிறது, வண்டியோ நடக்கிற வேகத்தில் ஊர்கிறது.

"ரேஸ் ஆவுது, இழுவை இல்ல. ஓரங்கட்டு கண்ணு" என்றார் மாமா. நிறுத்துவதற்குள் இறங்கி, கால்பந்து அளவுக் கல் ஒன்றைப் புரட்டிவந்து பின்டயருக்கு அண்டக் கொடுத்தார். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன் என்றேன். "அது கெடக்கட்டும்" என்றார்.

வாடகை நிறுவனத்தின் ஹெல்ப்லைனுக்குப் பேச, சிக்னல் கிடைக்கிற இடம் வரை நடந்து போனேன். முதலில் ஆப்பில் போட்டோ ஏற்றச் சொன்னார்கள். அப்புறம் ஒருவர், "கொஞ்சம் ஆறவிட்டு மெதுவாகக் கீழே கொண்டுவந்துடுங்க சார், இறக்கம்தானே" என்றார்.

இந்தப் பயணம் முழுவதிலும் நான் கேட்ட மோசமான யோசனை இதுதான். ஏற்றத்தில் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கினால் வண்டி ஏறாது, அவ்வளவுதான். இறக்கத்தில் வழுக்கினால் ஃபர்ஸ்ட், செகண்ட் கியரில் இன்ஜின் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறதே, அந்தப் பிடி எந்த வளைவில் விட்டுப்போகும் என்று சொல்ல முடியாது. அப்புறம் முழுப் பாரமும் பிரேக்கில். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடாகிப் பிடிப்புக் குறையும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரியை விடுகிறவர்களுக்கு நடப்பதும் இதேதான். அவர்கள் தெரிந்து செய்கிறார்கள். என்னை ஹெல்ப்லைன்காரர் செய்யச் சொன்னார்.

மாமா ஒரு போன் போட்டார். முக்கால் மணி நேரத்தில் அடிவாரத்துப் பக்கமிருந்து ஒரு மெக்கானிக் தம்பி பைக்கில் வந்தார். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. மோந்து பார்த்தார், ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தினார். "கிளட்ச் ப்ளேட் போச்சுங்ணா. இது நெசமான ஆட்டோமேட்டிக் இல்ல. கியரும் கிளட்சும் மேனுவல் வண்டியோடதுதான். உங்க காலுக்குப் பதிலா மோட்டார் அமுக்குது. மேட்டுல ஆக்சிலேட்டர்ல நிறுத்துனா ப்ளேட் தேயாம என்ன பண்ணும்?" என்றார்.

நம் ஊரில் விலை குறைவாகக் கிடைக்கும் ஆட்டோமேட்டிக் கார்கள் நிறைய இந்த ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) வகைதான். என் ஊர் வண்டியில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழல்கிறது, அதனால் அது பொறுத்துக்கொள்ளும். இதில் ப்ளேட்டும் ப்ளேட்டும்தான் உரசும். மேட்டில் நின்றால் பிரேக்கில்தான் நிற்க வேண்டும். மலை ஏறவும் இறங்கவும் மேனுவல் மோடுக்கு மாற்றி, சின்ன கியரில் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியைக் கையில் கொடுக்கும்போது இந்த இரண்டு வரியைச் சொல்ல அந்த நிறுவனத்தில் ஆளில்லை. சீட்டில் கறை பட்டால் எவ்வளவு அபராதம் என்று மட்டும் விலாவாரியாகச் சொன்னார்கள்.

தம்பி ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். ரெக்கவரி வேனையும் அவரே வரவழைத்தார். அதற்கு நாலாயிரத்து ஐந்நூறு. வேன் வரும் வரை அம்மா கட்டிக்கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாலையோரத்திலேயே சாப்பிட்டோம். மலை உச்சியைப் பார்க்காமலே திரும்பினோம் என்று பையனுக்கு இன்னும் வருத்தம்.

கிளட்ச் செட் செலவு முழுவதையும் டெபாசிட்டில் கழித்துவிட்டார்கள், "தவறான பயன்பாடு" என்று. காவேரிப்பட்டணத்திலேயே வழுக்கியது, எண்பதாயிரம் ஓடின வண்டி என்று நாலு மெயில் போட்ட பிறகு பாதி திரும்பி வந்தது. பாதித் தப்பு என்னுடையதுதான், அதனால் அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை.

மாற்று வண்டி மேனுவல். எடுக்கப்போன இடத்தில், மாமா சொல்லிக்கொடுத்தபடி, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டேன். ப்ளேட் நன்றாக இருந்தால் இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. சாவி கொடுத்த பையன், "சார், ஓட்டத் தெரியுமில்ல?" என்று சந்தேகமாகக் கேட்டான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. சரி, இதையே கொடுப்பா என்றேன்.