லாரி ஆபீஸ் போனில் ஹெட்செட் ஆம்ப்ளிஃபயர்: சில வருடங்கள் பயன்படுத்திய அனுபவம்

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். எல்லார் கையிலும் மொபைல் இருக்கும்போது மேஜை போன் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வண்டியின் பின்பக்கம் எழுதியிருப்பதும், எல்.ஆர். (லோடு ஏற்றியதற்குக் கொடுக்கும் ரசீது) புத்தகத்தில் அச்சாகியிருப்பதும் அந்த லேண்ட்லைன் நம்பர்தான். டிரைவர், லோடு கொடுக்கும் பார்ட்டி, புரோக்கர் எல்லாரும் அதில்தான் கூப்பிடுகிறார்கள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எழுதி எழுதிக் கழுத்து வலி தீராமல் போனதால் ஹெட்செட்டும், அதைப் போனோடு இணைக்கும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கினோம். அன்றிலிருந்து தினமும் இதில்தான் பேசுகிறேன்.

ஆம்ப்ளிஃபயர் என்றதும் சத்தத்தைக் கூட்டும் பெட்டி என்றுதான் நினைப்போம். உண்மையில் அதன் பெரிய வேலை, போனையும் ஹெட்செட்டையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பது. ரிசீவர் வயரின் முனையில் இருக்கும் சின்ன பிளக்கில் நாலு கம்பி இருக்கும். நிறைய போன்களில் நடு இரண்டு காதுக்கு, ஓரத்து இரண்டு மைக்குக்கு. ஆனால் எல்லாக் கம்பெனியும் அப்படி வைப்பதில்லை. மைக்கிலும் வித்தியாசம் உண்டு. பழைய போன்கள் கரித்தூள் வைத்த கார்பன் மைக்குக்காகச் செய்யப்பட்டவை, பின்னால் வந்தவை எலக்ட்ரெட் என்ற சின்ன மைக்குக்கு. அதனால் பெட்டி இல்லாமல் ஹெட்செட்டை நேராகச் சொருகினால், பொருந்தாத போனில் நமக்குக் கேட்கும், எதிராளிக்குக் கேட்காது. சில போனில் இரண்டுமே இருக்காது.

இணைப்பது சுலபம். ரிசீவர் வயரைப் போனிலிருந்து கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டியின் வயர் ரிசீவர் இருந்த ஓட்டைக்குப் போகும். ஹெட்செட்டுக்குத் தனி இடம். ரிசீவரா ஹெட்செட்டா என்று மாற்ற ஒரு பட்டன். எங்கள் பெட்டியின் அடியில் 1 முதல் 4 வரை ஒரு தள்ளு சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொன்றாக நகர்த்தி, டயல் டோன் சுத்தமாகக் கேட்கிற எண்ணில் நிறுத்த வேண்டும். அத்தோடு பாதி வேலைதான் முடிகிறது. மைக் அளவை நம் காதை வைத்து முடிவு செய்ய முடியாது, எதிரில் பேசுகிறவரைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும். எங்கள் வண்டியில் ரொம்ப நாளாக ஓட்டும் டிரைவர் அண்ணன் ஒருவரை லைனில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். “ஏனுங்க, கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்துச்சு, இப்பத்தான் தெளிவா கேக்குதுங்க” என்றார். அந்த இடத்தில் நிறுத்தியதை இன்றுவரை மாற்றவில்லை. இதற்கு மேல் கூட்டினால் நம் குரலே நம் காதில் பெரிதாகத் திரும்பி வரும், வாசலில் அடிக்கிற ஏர் ஹாரனும் எதிராளிக்குப் போகும்.

எங்கள் தொழிலில் தெளிவாகக் கேட்பது காசு விவகாரம். நாக்பூர் தாண்டி எங்காவது வண்டி பிரேக்டவுன் ஆகி நின்றால் ஈ-வே பில்லை, அதாவது சரக்கை ஏற்றிச் செல்ல ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டை, நீட்டிக்க வேண்டும். சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அது செல்லும். காலாவதிக்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம், அதற்குள் முடித்தாக வேண்டும். பார்ட்டி எடுத்த பில் என்றால் 12 இலக்க நம்பரை டிரைவர் காகிதத்தைப் பார்த்துப் படிப்பார். சாதாரண போன் லைன் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே நின்றுவிடும். அதனால்தான் ‘ஃபைவ்’வும் ‘நைனு’ம் குழம்புகின்றன. லைனில் வராத ஒலியை எந்த ஆம்ப்ளிஃபயரும் கொண்டுவராது. வருகிறதை இரண்டு காதிலும் முழுதாகக் கொடுக்கும், டோன் சுவிட்சில் அடித்தொண்டைச் சத்தத்தைக் குறைக்கலாம். எனக்கு அது போதுமாக இருக்கிறது. அதோடு, “அஞ்சு, ஒம்பதுன்னு தமிழ்லயே சொல்லுங்கண்ணா” என்று கேட்டுவிடுவேன்.

ஒற்றைக் காது மாடலை விட்டு இரண்டு காது மாடல் எடுத்தது வாசலில் கேட்கிற ஹாரன் சத்தத்துக்காகத்தான். இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் பார்த்து வாங்குங்கள்: திடீர்ச் சத்தத்தை வெட்டுகிற வசதி. டிரைவர் பேசும்போது அவர் பக்கத்திலேயே ஒரு வண்டி ஹாரன் அடிக்கும். ரிசீவர் என்றால் காதிலிருந்து எடுத்துவிடலாம், ஹெட்செட்டை அப்படிச் சட்டென்று எடுக்க முடியாது. 118 டெசிபலைத் தாண்டாமல் தடுக்கும் மாடல்கள் இருக்கின்றன.

தொல்லை தருவது ரிசீவர்தான். பெட்டி ரிசீவர் ஓட்டையில் சொருகியிருப்பதால், கால் வந்தால் ரிசீவரைக் கையால் தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும், முடிந்ததும் மறக்காமல் திரும்ப வைக்க வேண்டும். வைக்காவிட்டால் லைன் எங்கேஜ்டாகவே இருக்கும், பார்ட்டி வேறு ஆபீஸுக்கு லோடு கொடுத்துவிடுவார். தானே தூக்குகிற கருவி தனியாகக் கிடைக்கிறது, நாங்கள் வாங்கவில்லை.

பென்சில் பேட்டரி இரண்டு போட்டு ஓட்டுகிறோம். மின்சார அடாப்டரில் போட்டபோது லேசான ரீங்காரம் வந்தது. பேட்டரி இறங்கினால் எங்கள் பெட்டியில் சத்தம் மெலிந்து கரகரக்கும், அதுவே மாற்ற வேண்டிய நேரம். மொபைலைப் பெட்டி மேல் வைக்காதீர்கள். 2ஜி சிக்னல் நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டுத் துடிக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பிடித்து ‘டிட் டிட்’ என்று காதில் விடும். ஒரு முழம் தள்ளி வைத்தால் சரியாகிவிடுகிறது.

சித்திரை வெயிலில் காது மெத்தை வியர்வையில் ஊறிவிடும். பஞ்சு மெத்தை சீக்கிரம் பிய்ந்தது, தோல் மாதிரியான மெத்தை நீடிக்கிறது. ஹெட்செட் வயரின் நடுவே கழற்றி மாட்டும் இணைப்பு இருப்பது நல்ல வசதி. தலையில் மாட்டியபடியே லோடு மேனைப் பார்க்க வெளியே போய் வரலாம். ஆனால் பிளான்ட்ரானிக்ஸ், ஜாப்ரா என்று ஹெட்செட் கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும், ஒன்றின் இணைப்பு மற்றதில் பொருந்தாது. உதிரி தேடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: பிளான்ட்ரானிக்ஸ் 2018இல் பாலிகாம் என்ற கம்பெனியை வாங்கிப் பிறகு பாலி என்று பெயர் மாறியது, 2022இல் கம்ப்யூட்டர் கம்பெனியான ஹெச்பியிடம் போய்விட்டது. ஒரே பொருள் மூன்று பெயரிலும் கடையில் கிடக்கும்.

எல்லாருக்கும் இந்தப் பெட்டி தேவையில்லை. எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்காவின் மேஜையில் இருப்பது ஹெட்செட்டுக்குத் தனி ஓட்டையும் பட்டனும் உள்ள, இன்டர்நெட் வயரில் ஓடும் ஐபி போன். அதற்கேற்ற வயர் மட்டும் வாங்கினோம், ரிசீவரைத் தூக்காமலே பேசுகிறார். வாங்கும் முன் உங்கள் போனின் அடியில் அப்படி ஓர் ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.