சல்சாவுக்குத் தனிக்காசு

போன வாரம் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "அண்ணா, சனிக்கிழமையானா போவீங்களே ஒரு மெக்சிகன் கடை, அங்க குடும்பத்தோட போகலாமா?" சென்னையிலிருந்து சான் அன்டோனியோவுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது அவனுக்கு. ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏழு வருடப் பழக்கம், மூன்று வருடக் கோபம். அதனால் இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

டெக்சாஸில், அதுவும் இந்த ஊரில், தெருவுக்குத் தெரு இருக்கிற ரகம்தான். காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், மதியம் இரண்டுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். சனி, ஞாயிறில் மட்டும் மெனுடோவும் பார்பகோவாவும் உண்டு. மெனுடோ என்பது மாட்டு இரைப்பை சூப். முந்தின ராத்திரி அதிகமாகக் குடித்தவர்களுக்கு அதுதான் மருந்து என்பார்கள். பார்பகோவா, மாட்டுத் தலைக்கறியைப் பல மணி நேரம் பொறுமையாக வேகவைப்பது. அதோடு பிக் ரெட் என்ற சிவப்பு சோடா குடிப்பது இந்த ஊர் வழக்கம். ஒரு தடவை குடித்துப் பார்த்தேன், பபிள்கம்மைக் கரைத்த மாதிரி இருந்தது. அதோடு சரி.

நான் அங்கே போவது டோர்ட்டியாவுக்காக, நம்ம சப்பாத்தி மாதிரி மெல்லிய ரொட்டி. சோள டோர்ட்டியாதான் மூத்தது: மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, தோலைக் கழுவி அரைத்த மாவு. கோதுமை ஸ்பானியர்கள் கொண்டுவந்தது. வட மெக்சிகோவிலும் டெக்சாஸிலும் அந்தக் கோதுமை மாவு டோர்ட்டியாதான் ராஜா. இந்தக் கடையில் சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு பெரியம்மா நின்று தேய்ப்பார். குழவி மாதிரி ஒரு சின்னக் கட்டை, இரண்டு உருட்டு, ஒரு திருப்பு, நேராகக் கல்லில். அங்கங்கே கொப்புளம் எழும்பும், அதைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டுத் திருப்பிப் போடுவார். துணியில் சுற்றி மேசைக்கு வரும்போது பிய்த்தால் ஆவி வரும். பெரியம்மா லீவு என்றால் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

பீன்ஸ் (இங்கே ராஜ்மா மாதிரிப் பயறு) விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன், தம்பி வீட்டில் சைவம். என் மனைவியும் முட்டை மட்டும் சாப்பிடும் சைவம்தான். இரண்டு வருடம், டோர்ட்டியாவை மடித்து உள்ளே பீன்ஸ், சீஸ் வைத்த டாக்கோவை ரசித்துச் சாப்பிட்டாள். ஒருநாள் பரிமாறும் அம்மாவிடம், "இது எப்படி இவ்வளவு மணமா இருக்கு?" என்று கேட்டாள். அந்த அம்மா ரொம்பப் பெருமையாக, "மந்தேக்கா, மிஹா!" என்றார். மந்தேக்கா என்றால் பன்றிக் கொழுப்பு. மிஹா என்றால் என் மகளே. நம்மூரில் 'கண்ணு' என்பதுபோல. மாவு டோர்ட்டியாவிலும் அதுவேதான். மனைவி டாக்கோவை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டுக் காபி மட்டும் குடித்தாள். அவர்கள் மேல் தப்பில்லை. சைவம் என்று பலகை வைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது அவளுக்குச் சோள டோர்ட்டியாவில் உருளைக்கிழங்கும் முட்டையும். எண்ணெயில்தான் வதக்குகிறார்களா என்று கேட்டு வைத்துக்கொண்டோம்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பச்சை சல்சாவுக்கு, அதாவது டாக்கோவுக்கு விட்டுக்கொள்ளும் காரச் சட்னிக்கு வருகிறேன்.

பார்ப்பவர்கள் எல்லாரும் அவகாடோ என்றுதான் நினைப்பார்கள். இல்லை. ஹாலபீன்யோ மிளகாயை வேகவைத்து, பூண்டு, உப்பு போட்டு அரைக்கும்போது எண்ணெயை நூல் மாதிரி விட்டுக்கொண்டே வந்தால் வெளிறிய பச்சையில் வெண்ணெய்போலத் திரளும். மயோனைஸ் சேருகிற அதே வித்தைதான். அவசரப்பட்டு எண்ணெயை மொத்தமாக ஊற்றினால் திரிந்து தனியாக நிற்கும். என் வீட்டு மிக்ஸியில் இரண்டு தடவை நின்றது. நம் நாக்குக்கு அந்த சல்சா இல்லாமல் முட்டை டாக்கோ வெறும் முட்டைதான். முதல் நான்கு வருடம் மேசையிலேயே பிதுக்கும் பாட்டிலில் இருக்கும், வேண்டிய மட்டும் விட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை பாட்டிலைக் காணோம். மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று வந்தது, இரண்டு விரல் நுழையாது. இன்னொன்று கேட்டால் 75 சென்ட். இட்லிக்குச் சட்னியை எண்ணி வைக்கிற ஹோட்டலை நம்மூரில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் இருவரின் நான்கு டாக்கோவுக்கு மூன்று கிண்ணம் கூடுதலாக வேண்டும். 8.25 சதவீத வரியோடு 2 டாலர் 44 சென்ட். அதன் மேல் டிப்ஸ் வேறு. 2017இல் யுனெஸ்கோ இந்த ஊரை உணவுக் கலைக்கான படைப்பாக்க நகரங்களில் சேர்த்ததாம். கிண்ணத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

விலைவாசி எனக்கும் தெரியும். பாதி பாட்டிலைத் தட்டில் பிதுக்கிவிட்டு எழுந்து போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். டாக்கோவுக்கு 50 சென்ட் ஏற்றியிருந்தால், கிட்டத்தட்ட அதே பணம், நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்திக் கேட்பதும், அது பில்லில் தனி அயிட்டமாக வருவதும்தான் ஏழு வருட வாடிக்கையாளனை உறுத்துகிறது. ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். பரிமாறும் அம்மா சுற்றிமுற்றும் பார்த்துவிட்டு, "தோமா, மிஹோ" என்று ஒரு கிண்ணத்தைப் பில்லில் ஏற்றாமல் தள்ளிவிட்டுப் போனார். இந்தா மகனே என்று. அவர் கையிலிருந்து போகிறதோ என்று அன்றைக்கு டிப்ஸ் கூடப் போட்டேன். கணக்குப் பார்த்தால் 75 சென்ட்டை விட அதிகம்.

ஆகவே தம்பி, போகாதே. இந்த ஊரில் வேறு கடைக்கா பஞ்சம்? அப்படியும் போவதாக இருந்தால் எட்டு மணிக்குள் போய்விடு, அதற்கப்புறம் வாசல் வரை வரிசை நிற்கும். ஜன்னல் ஓர மேசை எங்களுடையது.