ஆன்லைன் வியாபாரத்துக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்திருக்கிறீர்களா? முதலில் முகவரியைப் பாருங்கள்

இன்ஸ்டாகிராமில் காட்டன் சேலை விற்கிறேன். வீடு சென்னை மடிப்பாக்கம், ஜிஎஸ்டி பதிவும் அந்த முகவரியில்தான். வீட்டில் இடம் போதாமல் பள்ளிக்கரணையில் தரைத்தளத்தில் ஓர் அறை பிடித்து, சரக்கை அங்கே வைத்திருந்தேன்.

2023 ஆகஸ்டில் ஏஜென்ட் ஒருவர் வந்தார். "ஆன்லைன் பிசினஸுக்கு ஃபுல் கவர் மேடம். தீ, வெள்ளம், திருட்டு எல்லாம் வந்துடும்" என்றார். ஜிஎஸ்டி சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டு படிவத்தை அவரே நிரப்பினார். குடோன் பள்ளிக்கரணையில் என்று வாய்விட்டுச் சொன்னேன், தலையாட்டினார். பாலிசி வாட்ஸப்பில் வந்தது. தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். அது என் தப்புதான், மறைக்கவில்லை.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். மூன்று நாள் கழித்துத்தான் கதவைத் திறக்க முடிந்தது. இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. கீழ் அடுக்கில் இருந்த மெரூன் சேலைகளின் சாயம் இறங்கி, பக்கத்துக் கட்டுகளில் இருந்த சந்தன நிறச் சேலைகள் எல்லாம் திட்டுத் திட்டாக இருந்தன. அதோடு சாக்கடை நாற்றம். 3 லட்ச ரூபாய் சரக்கு பாழ்.

நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் நல்ல மனிதர். போட்டோ எடுத்தார், பில்களை எண்ணினார். அப்புறம் பாலிசியைப் புரட்டி, "இதில் மடிப்பாக்கம்னு இருக்கே?" என்றார். அவ்வளவுதான். இந்த வகை பாலிசி காப்பது அதில் எழுதியிருக்கும் இடத்தில் உள்ள பொருளை. நம் வியாபாரத்தை மொத்தமாக அல்ல. பிப்ரவரியில் மறுப்புக் கடிதம் வந்தது.

முகவரி சரியாக இருந்திருந்தாலும் முழுப் பணம் கிடைத்திருக்காது. அறையில் இருந்தது 9 லட்சத்துச் சரக்கு, பாலிசி 6 லட்சத்துக்கு. இப்படிக் குறைத்துப் போட்டால் நஷ்டத்தையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள், 3 லட்சத்துக்கு 2 லட்சம்தான். கூரியரில் காணாமல் போகும் பார்சலும் இதில் வராது, அதற்கு டிரான்சிட் பாலிசி தனி.

ஆகவே இன்றே பாலிசியைத் திறந்து 'லொகேஷன் ஆஃப் ரிஸ்க்' என்ற வரியைத் தேடுங்கள். குடோன் முகவரி இல்லையென்றால் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் திருத்தம்) கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னது எதுவும் நிற்காது. ஜிஎஸ்டியிலும் குடோனைக் கூடுதல் இடமாகச் சேர்த்துவிடுங்கள்.

கிளெய்ம் மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் கிடையாது, சிறு வியாபாரிகளும் போகலாம். ஆனால் ஒரு வருடக் கெடு உண்டு. எனக்கு இது தெரியவந்தபோது கெடு தாண்டிவிட்டது.

அதற்கு முன்பே, 2024 ஆகஸ்டில், ஏஜென்டிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது: "மேடம், ரினியூவல் டியூ. பழைய டீடெய்ல்ஸையே போட்டுடவா?"