பட்டுச் சேலையை டிரை கிளீனிங் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: 28,500 ரூபாய்ச் சேலை பாழாய்ப் போனது

கடலூரில் பட்டுச் சேலையைக் கடையில் கொடுப்பதா, வீட்டிலேயே அலசுவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது.

சேலை காஞ்சிபுரத்தில் எடுத்தது. 2022இல் என் கல்யாணத்துக்கு அப்பா 28,500 ரூபாய் கொடுத்து எடுத்தார். சந்தன நிறம், அரக்கு பார்டர். அப்புறம் ஒரே ஒரு தடவை கட்டினேன். அடுத்து கட்டியது போன மாதம், என் வளைகாப்புக்கு. நலங்கு வைக்கும்போது முந்தியில் மஞ்சள் பட்டது. பந்தியில் நாத்தனார் பையன் கிண்ணத்தோடு மடியில் சாய்ந்ததில் கொசுவம் முழுக்கப் பாயசம்.

"கடையெல்லாம் வேணாம்மா, பூந்திக்கொட்டையை ஊறவச்சு நான் அலசித் தரேன்" என்றார் அத்தை. நான்தான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு, வெள்ளைத் துணியே பழுப்படிக்கிறது. அதில் போய் ஜரிகையை நனைக்கப் பயமாக இருந்தது. அரக்குச் சாயம் சந்தன நிறத்தில் இறங்கிவிடுமோ என்று அதைவிடப் பயம். எட்டு மாத வயிற்றோடு என்னாலும் குனிய முடியாது, அத்தைக்கும் மூட்டுவலி.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு டிரை கிளீனிங் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பேர் இப்போதைக்கு வேண்டாம். கண்ணாடிக் கதவு போட்ட கடை. கல்லாவில் இருந்தவர் சேலையைப் பிரித்து ஜரிகையை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். "அக்கா, இது வெள்ளி ஜரிகை. இதுக்குத் தண்ணியே காட்ட மாட்டோம், பெட்ரோல் வாஷ்தான். நெய் அதிலேயே போயிடும். சர்க்கரைப் பிசுக்கு அதுல போகாது, அந்த இடத்தை மட்டும் தனியா எடுப்போம்" என்றார்.

இந்தப் பேச்சில்தான் விழுந்தேன். டிரை கிளீனிங் என்றால் தண்ணீருக்குப் பதிலாகக் கரைப்பானில் வெளுப்பது, எண்ணெய்க் கறையை அது எடுக்கும், சர்க்கரைக்கும் வியர்வைக்கும் தண்ணீர்தான் வேண்டும் என்று நானும் படித்திருக்கிறேன். அதையே அவர் சொன்னதும் தொழில் தெரிந்தவர் என்று நம்பிவிட்டேன். கறை இருந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம்கூடப் போட்டார். "பார்த்துச் செய்யுங்கண்ணா, அப்பா எடுத்துக் கொடுத்தது" என்றேன். "நம்ம வீட்டுச் சேலை மாதிரி பார்த்துக்கிறோம்க்கா" என்றார். 420 ரூபாயை முழுசாக அப்போதே வாங்கிக்கொண்டார். பில்லில் எழுதியது "பட்டு 1". 28,500 ரூபாய்ச் சேலைக்கு என் கையில் இருக்கும் ஆதாரம் அவ்வளவுதான்.

ஐந்து நாள் என்று சொல்லிப் பன்னிரண்டு நாள் இழுத்தார்கள். போன வியாழக்கிழமை வாங்கி வந்தோம். கவருக்குள் மேல்மடிப்பு பளபளவென்று இருந்தது, பாலிஷ் போட்டிருந்தார்கள். வீட்டில் கட்டிலில் விரித்ததும் சோப்புத் தூள் வாடை மூக்கில் ஏறியது. கொசுவப் பகுதி முழுக்க அரக்கு இறங்கி ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. முந்தியில் இருந்த மஞ்சள் சிவந்து போயிருக்கிறது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று துணி துவைக்கிற யாருக்கும் தெரியும். ஜரிகை மங்கி, பழைய பித்தளை மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் தெருவில் பால்ஸ் தைக்கும் அக்காவிடம் காட்டினேன். அவர்தான் இந்தச் சேலைக்கும் தைத்துக் கொடுத்தவர். கீழ் ஓரம் அலை அலையாகச் சுருங்கி நின்றதைப் பார்த்ததுமே பிளேடால் தையலைப் பிரித்தார். பிரித்த பால்ஸைச் சேலையின் ஓரத்தில் வைத்து நீட்டிப் பிடித்தார். நாலு விரற்கடை குறைந்திருந்தது. "பால்ஸ் பருத்தித் துணி கண்ணு. பெட்ரோல்ல போட்டா இப்படிச் சுருங்காது. இதைத் தண்ணியில முக்கித் துவைச்சிருக்கானுங்க" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வீட்டில் அலசினால் என்ன ஆகும் என்று பயந்தேனோ அதையே 420 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை போனோம். ஓனர் வெளியூர் என்றார்கள். போனில் பிடித்தால், "சாயம் போறது சேலையோட குறை மேடம், எடுத்த கடையில கேளுங்க." சனிக்கிழமை என் வீட்டுக்காரர் பிரித்த பால்ஸையே எடுத்துப்போய்க் காட்டினார். அதற்கு, "நாங்க இங்க வெளுக்கிறதில்ல சார், புதுச்சேரிக்கு அனுப்புறோம், அங்க என்ன பண்ணாங்கன்னு எங்களுக்குத் தெரியாது." அங்கே யார் என்று கேட்டால் பேரும் இல்லை, நம்பரும் இல்லை. தண்ணியே காட்ட மாட்டோம் என்றவர் அதே கல்லாவில் உட்கார்ந்து என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்று காலை மறுபடி போனதற்கு, "வேணும்னா 420 ரூபாயைத் திருப்பித் தரேன்" என்று பில்லின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். சாயம் போனால் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருக்கிறது. போனது 28,500 ரூபாய், தருவது 420. நான் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

என்ன செய்யலாம் என்று எழுதுவதாகச் சொன்னேன். உட்கார முடியவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கொடுக்கும் முன் சேலையை விரித்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். எங்கே வெளுக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள், வெளியே அனுப்புகிறோம் என்றால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பில்லில் சேலையின் விலையையும் டிரை கிளீனிங் என்ற வார்த்தையையும் எழுத வையுங்கள். பணம் முழுசாக முன்னாலேயே தராதீர்கள். வாங்கும்போது கவரைக் கடையிலேயே பிரித்து உள்மடிப்பு வரை பாருங்கள். வீட்டில் அலசுவதாக இருந்தால், ஈர வெள்ளைத் துணியைப் பார்டரின் உள்ளோரத்தில் அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் நனைக்கவே வேண்டாம்.

அந்தப் பக்கம் கொடுத்து இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், எனக்குச் சொல்லுங்கள். சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.